நிலமும் அதன்மேல் கட்டப்பட்டவையும்

தீர்ப்பு ஒரே வரிதான்:
'நிலமும் அதன்மேல் கட்டப்பட்டவையும்
வாதியைச் சேரும்.'
வியாழன் காலை பத்து மணிக்கு
அதை நிறைவேற்ற வேண்டியவன் நான்.
காஸ்த்ரோ நீதிமன்றத்து அமீனா.
பதினொரு வருடமாக
அடுத்தவர் கதவைத் தட்டுகிறவன்.

வாடகை கட்டாதவர்கள்,
கட்டியவளை விட்டு ஓடியவர்கள்,
கேட்டால் கதை கட்டுகிறவர்கள்.
யோசித்தால், அந்த ஒரு சொல்தான்
எனக்குச் சோறு போடுகிறது.

பிரதிவாதி சுனில்டா நவெல்கின்.
வாதி, இறந்த கணவனின் அண்ணன்.
நிலம் அவன் பெயரில்.
வீடு, இவளும் புருஷனும்
சால்மன் பண்ணையில் இரவு ஷிப்ட் பார்த்து
பலகை பலகையாகக் கட்டியது.
'கட்டியது யார் என்பதல்ல,
எதன்மேல் கட்டினார்கள் என்பதே கேள்வி'
என்று எழுதியிருந்தார் நீதிபதி.
தெளிவான மனிதர்.
சீலோவே தீவுகளில் ஓர் இரவும் தங்காதவர்.

தங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.
இங்கே வீடு வேர் விடுவதில்லை.
பதினாறு குட்டைக் கட்டைகளின்மேல்
செருப்பைக் கழற்றாத விருந்தாளி போல
எப்போதும் கிளம்பத் தயாராக நிற்கிறது.

கடைசிப் படகு புதன் மாலை.
அதில் போய் இறங்கினேன்.
முற்றத்தில் எட்டு ஜோடி எருதுகள்.
அறுபது எழுபது பேர்.
அடுப்பை வெளியே இறக்கியிருந்தார்கள்.
உள்ளே குறுக்கு மரங்கள் கொடுத்து
சுவரைச் சுவரோடு இறுக்கியிருந்தார்கள்.
வீட்டின் அடியில் நீளமாய் இரண்டு மரம்.
'கட்டு! இன்னும் இறுக்கிக் கட்டு!'
ரெமிஹியோ கார்க்காமோ கயிற்றோடு கத்தினான்.

சட்டைப் பையில் தீர்ப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
அதே சொல்.
அங்கே அது சுவராக நின்றிருந்தது,
இங்கே கயிறாகக் கிளம்பிவிட்டது.

'மூட்டை கட்டுங்கள்' என்று
நூறு வாசலில் சொல்லியிருக்கிறேன்.
வீட்டையே மூட்டையாகக் கட்டி
ஒருத்தி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

'பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கே?'
என்று கேட்டாள்.
இருக்கிறது என்றேன்.
பொய் இல்லை.

இரவெல்லாம் எருதுகள் இழுத்தன.
சரிவில் ஒருமுறை வீடு முனகியது,
கூரையிலிருந்து ஏழெட்டு ஓடுபலகை உதிர்ந்தது,
ஒரு சிறுவன் ஓடி ஓடிப் பொறுக்கினான்.
விடியற்காலை வற்றிய கரையில்
வீடு அலைக்காகக் காத்திருந்தது,
நாலு பக்கமும் காலிப் பீப்பாய்கள்.
எட்டரைக்கு நீர் ஏறி வாசற்படியைத் தொட்டது.
பிறகு ஜன்னலின் கீழ்விளிம்பை.
பிறகு, யாரும் கவனிக்காத ஒரு நொடியில்,
வீடு லேசானது.

இரண்டு படகுகள் முன்னால் இழுக்க
பின்கயிற்றுக்கு ஓர் ஆள் குறைந்தது.
அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.
'பிடிங்க, ஆபீசர்' என்று
நுனியை என் மார்பில் எறிந்தாள்.
பிடித்தேன்.
எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

எதிர்க்கரையில் தங்கை கொடுத்த துண்டு நிலத்தில்
கொஞ்சம் கோணலாகத்தான் அமர்ந்திருக்கிறது.
சமையலறைக் கதவு சாத்தவே மாட்டேன் என்கிறதாம்.

பத்து மணிக்கு மேட்டுக்கு ஏறிப் போனேன்.
வாதி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
நிலம் அப்படியே இருந்தது.
அதன்மேல் பதினாறு குழிகள்,
நடுவில் வெயில் படாத
வெளிறிய புல்லின் ஒரு நீள்சதுரம்.
படிவத்தை எடுத்தேன்.
'கட்டப்பட்டவை' என்று ஒரு கட்டம்.
காலி விட முடியாது, விதி.

கயிறு அறுத்த கையில் பெரிய கட்டு,
பேனா நிற்கவில்லை.
கொல்லைப்பக்கம் சுற்றிவந்து பார்த்தேன்.
அவள் பாத்தி கட்டியிருந்தாள்.
கிழங்கு இன்னும் மண்ணுக்குள்.

எழுதினேன், எழுத்து கோணல்தான்:
உருளைக்கிழங்குப் பாத்தி, நான்கு.